இருவர் இருவராக நின்ற வரிசை

அந்த அக்டோபரில் என் தங்கை ஜூனிக்கு ஒன்பது வயது. எனக்குப் பதினைந்து. நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. அம்மாதான் எங்கள் ஆசிரியை, சமையலறை மேசைதான் வகுப்பு. எங்கள் பென்சில்வேனியாவில் அப்படிப் படிக்கும் குடும்பங்கள் நிறைய.

ஆற்றங்கரையில் இருக்கும் பழைய மரக்கோட்டையில் ஆண்டுதோறும் விழா நடக்கும். இரண்டு நாட்களுக்கு எல்லோரும் வெள்ளைக்காரர்கள் முதலில் வந்து குடியேறிய காலத்து மனிதர்களாகிவிடுவார்கள், உடையிலும் வேலையிலும். அம்மா அதற்காக ஒரு மாதம் உட்கார்ந்து ஒரே சாம்பல் நீலத் துணியில் மூன்று கவுன்கள் தைத்தாள். மூன்று வெள்ளைத் தொப்பிகளும். அவளுக்கு விழா என்பது பாடம். ஒவ்வொரு கடையிலும் எங்களிடம் ஒரு கேள்வி கேட்பாள், பதிலை நோட்டில் எழுதச் சொல்வாள். ஆண்டு முடிவில் எங்கள் வீட்டுப் படிப்பைச் சரிபார்க்கும் மதிப்பீட்டாளரிடம் காட்டும் கோப்பில் அதெல்லாம் சேரும்.

ஜூனிக்கு அந்த விழா வேறு ஒன்றுக்காக முக்கியமாக இருந்தது. ஆகஸ்டிலேயே அவள் ஊர்ப் பள்ளியின் விண்ணப்பத்தை எங்கிருந்தோ வாங்கி வந்து, பென்சிலால் தானே நிரப்பி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். அம்மா அதைக் கிழிக்கவில்லை. விழா முடியட்டும், பிறகு முடிவு சொல்கிறேன் என்றிருந்தாள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு சேர்ந்துகொள்ளலாம் என்று பள்ளியிலும் சொல்லியிருந்தார்கள்.

கோட்டைக்குப் போகும் வழியில், காரின் பின்சீட்டில், ஜூனி என் காதருகே வந்தாள்.

"அம்மா கண்டிப்பா உன்கிட்டதான் கேப்பாங்க, டீலியா. நீ சொன்னாதான் நம்புவாங்க. எனக்காகப் பேசுவியா?"

"பேசறேன், போ."

"சத்தியமா?"

"தொப்பிய நேரா வைடி. முட்டைக்கோஸ் மாதிரி இருக்க."

அவள் சிரித்தாள். நான் அப்போது பேசத்தான் நினைத்திருந்தேன்.

காலை முழுக்க அம்மாவின் பின்னால் நடந்தோம். மெழுகுவர்த்தி தோய்க்கும் இடத்தில் ஒரு கேள்வி, கொல்லன் பட்டறையில் இரண்டு. துப்பாக்கிகள் வெடித்தபோது ஜூனி காதைப் பொத்திக்கொண்டாள், பிறகு எத்தனை அடி தூரம் குண்டு போகும் என்று எழுதினாள். பெரிய செப்பு அண்டாவில் ஆப்பிளைக் குழையக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அதைக் கிளறும் நீண்ட துடுப்பை அம்மா கொஞ்ச நேரம் வாங்கிப் பிடித்தாள். புகை கண்ணில் பட்டு அவளுக்கு நீர் வழிந்தது. திரும்பிப் பார்த்தால் ஜூனியைக் காணவில்லை.

நானும் அம்மாவும் தேடினோம். கோட்டை வாசலுக்கு வெளியே புல்வெளியில் ஆரஞ்சு நிறப் பனியன் போட்ட ஒரு வகுப்பு இருவர் இருவராக வரிசையில் நின்றுகொண்டிருந்தது. கடைசி ஜோடியில் ஒரு சாம்பல் நீலக் கவுன் இருந்தது. நடந்தது என்னவென்று பேச்சிலிருந்தே புரிந்தது. யாரோ ஒரு பிள்ளை காய்ச்சலில் வரவில்லை. ஜோடியில்லாமல் நின்ற சிறுமி, பக்கத்தில் நின்ற ஜூனியின் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

முன்னால் நின்ற பையன் ஒருவன் திரும்பி ஜூனியை மேலும் கீழும் பார்த்தான்.

"நீ நெசமாவே இந்தக் கோட்டையிலதான் குடியிருக்கியா?"

"இல்ல. காருலதான் வந்தேன்."

"அப்ப ஏன் இந்த டிரெஸ்சு? உனக்குச் சம்பளம் குடுக்கறாங்களா?"

"சோறுகூடப் போடல," என்றாள் ஜூனி.

வரிசையின் பின்பாதி முழுக்கச் சிரித்தது. ஜூனி சொன்னதற்கு அத்தனை பேர் சேர்ந்து சிரித்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அவள் சொல்வதற்குச் சிரிக்க நானும் அம்மாவும் அப்பாவும்தான் இருந்தோம். அவள் முகம் சிவந்துபோயிற்று. பிடித்திருந்த கையை முன்னும் பின்னும் ஆட்டினாள்.

அம்மா கூப்பிடவில்லை. வேலியோரம் அப்படியே நின்றாள். புகை வாசம் அவள் மேலெல்லாம் இருந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"உனக்கும் இப்படி இருந்துச்சா, டீலியா? இந்த ஆசை?"

எனக்கு இருந்தது. ஜூனியின் வயதில் நானும் கேட்டேன். அம்மா பதில் சொல்லாமல் பாத்திரம் கழுவினாள், அவள் தோள்கள் குலுங்கின. நான் கேட்டதையே மறந்துவிட்டதுபோல் நடந்துகொண்டேன், ஆறு வருடங்களாக. இப்போது அம்மாவின் குரலில் ஏதோ இளகியிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜூனிக்குக் கிடைத்துவிடும். எனக்குக் கிடைக்காதது, இவ்வளவு சுலபமாக.

"இல்லம்மா. இவளுக்கும் ரெண்டு நாள்ல மறந்துடும்," என்றேன்.

அம்மா தலையசைத்தாள். அவளுக்கு ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது. பிறகு ஜூனியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தச் சிறுமியின் கை காலியாயிற்று. வரிசை ஆற்றுப் பக்கமாக நகர்ந்து போனது.

திரும்பும் வழியில் அம்மா மெதுவாகத்தான் சொன்னாள், வேண்டாமென்று. ஜூனி அழவில்லை. வீட்டு வாசலில் இறங்கி, அம்மா உள்ளே போகும்வரை காத்திருந்து என் கவுனைப் பிடித்து இழுத்தாள்.

"நீ பேசுனியா?"

"பேசினேன்."

"அப்புறமுமா வேணாம்னாங்க?"

நான் தொப்பியைக் கழற்றி மடித்தேன். அவள் நேரே சமையலறைக்குப் போய் விண்ணப்பத்தைத் தானே எடுத்து, நான்காய் மடித்துக் குப்பையில் போட்டாள். அதற்குப் பிறகு அவள் அம்மாவிடம் எதையும் கேட்டதில்லை. பள்ளி மட்டுமல்ல, எதையுமே. அம்மா கற்றுக்கொடுத்ததைக் கற்றாள், நன்றாகவே. பதினெட்டு வயதானதும் ஓரிகனுக்குப் போய்விட்டாள். அம்மாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அட்டை வரும். தொலைபேசி எனக்குத்தான் வரும், ஞாயிற்றுக்கிழமைகளில்.

சென்ற ஞாயிறு நான் அம்மா வீட்டில் இருந்தேன். அம்மா அதே மேசையில் ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல் ஜூனியின் தொலைபேசி வந்தது. பேச்சுக்கு நடுவே அவள் அந்த விழாவைப் பற்றி எடுத்தாள், தானாகவே, வெகுநாள் கழித்து.

"அந்த வீட்டுல எனக்காக வாயத் திறந்தது நீ ஒருத்திதான், டீலியா."

ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அவள் அதற்குள் வேறு எதையோ பேசத் தொடங்கிவிட்டாள்.

நான் தொலைபேசியை வைத்ததும் அம்மா கத்தியை நிறுத்தினாள்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணுமில்ல. அங்க மழையாம்."

அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள், இன்னும் ஏதாவது இருக்குமோ என்று. பிறகு அடுத்த ஆப்பிளை எடுத்தாள்.