மூன்றாவது முளை

ஆறேகாலுக்கு எழுந்தேன். கெட்டிலில் ஒரு கோப்பைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினேன். டோஸ்ட் தின்றேன். ரப்பர் பூட்ஸ், இரண்டு அளவு நாடாக்கள், என் மனைவி ஹெஸ்டரின் குறிப்பேடு எல்லாவற்றையும் காரில் வைத்தேன். வழியில் அவள் அம்மா எட்னாவை ஏற்றிக்கொண்டு காரட் என்பவரின் பண்ணைக்குப் போனேன்.

மேய்ச்சல் நிலத்தில் ஓர் அகழி இருக்கிறது. அது காத்த மாளிகை இடிந்து ஐந்நூறு வருடமாவது இருக்கும். சதுரமாக ஓடும் பள்ளமும் நடுவில் மேடும்தான் மிச்சம். பிப்ரவரியில் நானும் ஹெஸ்டரும் மூன்று பக்கங்களை அளந்தோம். நாலாவது பக்கத்துக்கு முன் அவள் இறந்துவிட்டாள். இனி புல் வளர்ந்தால் மேடுபள்ளம் தெரியாது. எல்லா அளவுகளும் நாங்கள் அடையாளத்துக்கு அடித்த மூன்றாவது மரமுளையிலிருந்து எடுத்தவை. அது நின்ற இடம் தெரியாவிட்டால் அவள் எழுதிய எண்கள் வீண்.

பண்ணைக்காரர் காரட் வேலியருகே நின்றார். மூன்றாவது முளையைப் பற்றிக் கேட்டேன்.

"மொளையா? டிராக்டர் ஏறிரும்னு புடுங்கிட்டேன்ப்பா. திரும்ப நட்டாச்சு. கிட்டத்தட்ட அதே எடம்தான்."

"கிட்டத்தட்டன்னா?"

"ஒரு அடி இப்பிடி அப்பிடி. பள்ளம் என்ன ஓடியா போயிரும்?"

குறிப்பேட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தின் மூலையில், மூன்றாவது முளைக்கு இரண்டு இடங்களிலிருந்து மீட்டர் கணக்கில் தூரம்: 'ஓக் ஆணி 18.62. கேட் கம்பம் 23.15.'

"அவ யாரையும் நம்ப மாட்டா" என்றார் எட்னா. "ஆறு வயசுல என் தையல் டேப்ப எடுத்து கேக்கையே அளந்து வெட்டுனவ."

ஒரு நாடாவை ஓக் மரத்தில் அவள் அடித்த ஆணியில் மாட்டினேன். மற்றதைக் கேட் கம்பத்தில் கட்டி எட்னாவிடம் கொடுத்தேன். அது பாதியில் சிக்கியது. உள்ளே காய்ந்த சேறு.

"யாரு இத இப்பிடிச் சுத்துனது?"

"நான்தான். அன்னிக்கி."

அவர் நகத்தால் சேற்றைச் சுரண்டினார்.

இரண்டு எண்களும் சந்தித்த இடம் காரட்டின் முளையிலிருந்து முழுதாக இரண்டடி தள்ளி இருந்தது. புல்லை மண் கிளறும் சிறு கரண்டியால் செதுக்கினேன். காசளவுக்குக் கறுப்பாக, வட்டமாக, இளகிய மண். விரல் பாதி இறங்கியது. பழைய குழி.

காரட் நட்டிருந்த முளையைப் பிடுங்கி அதில் நட்டேன். எட்னா அதைப் பிடித்துக்கொண்டார்.

"'அம்மாவப் பாத்துக்க'ன்னு அவ கடைசியா சொன்னதா அடக்கத்தன்னிக்கி சர்ச்ல சொன்னியே. அவ அப்பிடிப் பேசுற பொண்ணே இல்லப்பா."

"அவ சொல்லல."

"தெரியும். என்னதான் சொன்னா?"

அன்று தலை வலிக்கிறதென்று அவள் காரில் உட்காரப் போனாள். நான் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கேட்டருகே நின்று திரும்பிப் பார்த்தாள். நான் கார்க் கதவைத் திறந்தபோது அவள் நினைவிழந்து கிடந்தாள்; பிறகு விழிக்கவேயில்லை. கேட்டருகே அவள் சொன்னதை எட்னாவிடம் அப்படியே சொன்னேன்.

"சேத்தோட சுத்தாத. தொடச்சிட்டுச் சுத்துடா."