ஒரு சாண் கீறல்

கடல் தாண்டிப் பத்தாவியாத் தலைமையகத்தில் இருந்தவர்களுக்குப் பழவேற்காடு முழுக்க மணல் என்பது தெரியாது. ஒல்லாந்தர் கம்பெனியின் பெரிய துரைக்கு அவர்கள் ஒரு சாரட்டு அனுப்பியிருந்தார்கள். கறுப்பு அரக்குப் பூச்சு, இரண்டு கதவுகளிலும் கப்பல் படம்.

கப்பலிலிருந்து அதைக் கரைசேர்த்தவன் கோட்டைக்குப்பத்துக் கருப்பன். தன் இரண்டு தோணிகளையும் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு ஏற்றி வந்தான். இறக்கியதும் கிடங்குத் துரை சாரட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு இடது கதவின் முன் குனிந்தார். கப்பல் படத்தின் குறுக்கே ஒரு சாண் நீளத்துக்குக் கீறல்.

துபாஷி பெருமாள் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னான். "ஞாயித்துக்கெழம பெரிய துரை இதுல ஏறி ஏரிக்கு அந்தாண்ட தோட்டத்துக்குப் போறாரு. அதுக்குள்ள கீறல் போவணுமாம். போவலன்னா உன் தோணி ரெண்டையும் ஒடச்சி அடுப்புக்கு அனுப்பிடுவாராம்."

"அந்தாண்ட போவத் தோணி வேணாமா ஐயா?"

"அது உன் கவலயா? கீறலப் பாருடா."

கருப்பனின் மனைவி முனியம்மாள் கீறலின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். நகம் மாட்டவில்லை.

"மேலாக்கதான்யா கீறியிருக்கு. பித்தளைக்குப் போடறத இதுக்கும் போடு."

கணவாய் மீனின் ஓட்டினை மாவாக இடித்து, தேங்காயெண்ணெயில் குழைத்து, பழைய வேட்டித் துணியால் வட்டமாகத் தேய்த்தார்கள். கீறல் மறைந்தது. ஆனால் தேய்த்த இடம் கண்ணாடிபோல் மின்ன, மீதிக் கதவு புகை படிந்ததுபோல் தெரிந்தது. கதவு முழுக்கத் தேய்த்தார்கள். பக்கத்துப் பலகை மங்கிப்போனது. தோணியாட்கள் நால்வரும் சேர்ந்து இரண்டு நாள் சாரட்டைச் சுற்றித் தேய்த்துத் திரும்ப இடது கதவுக்கு வந்தபோது, கப்பலில் கொடி இல்லை. துணியில் இருந்தது.

காவி, சுண்ணாம்பு, சாயக்காரர் வீட்டு நீலம் மூன்றும் வாங்கிவந்தான் கருப்பன். "கொடி எந்தப் பக்கம் பறந்துச்சி?"

"பின்னால," என்றான் பெருமாள். "அந்தக் கதவப் பாரு, அதே மாதிரி."

கருப்பன் பார்த்தான். "பாய் முன்னால உப்பினு கீது. கொடி எப்பிடிப் பின்னால பறக்கும்? ரெண்டு காத்தா அடிக்குது?"

"படத்துல ஏதுடா காத்து?"

"அப்ப பாய் இன்னாத்துக்கு உப்பிச்சி?"

"கேக்கற மாதிரி போட்டுட்டு வாயேன்யா," என்றாள் முனியம்மாள். "தோணி போயிடப்போவுது."

தோணியாள் சுப்பன் குறுக்கிட்டான். "போடட்டும் அண்ணி. காத்து எந்தப் பக்கம்னு தெரியாதவன் தோணியில நாங்க ஏறமாட்டோம். அவரே தனியா ஓட்டிக்கட்டும்."

தோணி போவதா, ஆள் போவதா? கருப்பன் தூரிகையைக் காவியில் தோய்த்தான். பிறகு கொடியை முன்பக்கம் பறக்கவிட்டான்.

ஞாயிறு காலை கிடங்குத் துரை கதவில் நகத்தை ஓட்டித் தலையாட்டினார். இரண்டடி பின்வாங்கியவர் கொடியைப் பார்த்தார். வலது கதவுக்குப் போனார், இடது கதவுக்கு வந்தார், மறுபடி போனார். கோடாலிக்காரர்களைக் கரைக்கு அனுப்பினார்.

அப்போது பெரிய துரை வந்து ஏறிக்கொண்டார். குதிரைகள் மணலில் முக்கி முக்கி முப்பது அடி இழுத்து, ஏரித் தண்ணீரில் கால் வைத்ததும் நின்றன. அதற்குள் கோடாலி தோணி விளிம்பின் முதல் பலகையில் இறங்கியிருந்தது. பெரிய துரை தலையை வெளியே நீட்டி ஏதோ கேட்டார்.

"தோணி எங்கன்னு கேக்கறாரு," என்றான் பெருமாள், மெதுவாக.

அந்தச் சாரட்டைத் தாங்கக்கூடியது அந்தக் கரையில் கருப்பன் சேர்த்துக் கட்டிய அந்தத் தோணி ஒன்றுதான். கோடாலிக்காரர்களே கோடாலியைக் கீழே போட்டுவிட்டு, பெரிய துரை உள்ளே இருக்கச் சாரட்டைத் தள்ளி ஏற்றினார்கள். பாதியில் சாரட்டு சரிந்தது. தோணியின் இரும்பு வளையம் இடது கதவில் கர்ரென்று ஒரு முழ நீளத்துக்குக் கோடு இழுத்தது, கொடியையும் கடந்து.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். கிடங்குத் துரை குனிந்து நகத்தை ஓட்டினார். நகம் மாட்டிக்கொண்டது. அவர் தண்ணீரைப் பார்த்தார், ஜன்னலில் பெரிய துரையைப் பார்த்தார், நகத்தை விடுவித்துக்கொண்டு பெருமாளிடம் ஒரு வார்த்தை சொன்னார்.

"தூசாம்," என்றான் பெருமாள்.

கிடங்குத் துரையும் ஏறிக்கொள்ள, கருப்பன் தோணியைத் தள்ளினான். பாய் முன்னால் உப்பியது. பாய்மர உச்சியில் கட்டியிருந்த கம்பெனிக் கொடியும் முன்பக்கம் பறந்ததை எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கிடங்குத் துரை மட்டும் அக்கரை சேரும்வரை தலையை நிமிர்த்தவே இல்லை.