பெயர் மட்டும் சொல்லவில்லை

பதினோரு பள்ளிக்கூடங்களுக்கு அன்புமொழி ஒருத்திதான் ஆற்றுப்படுத்துநர். அது அரசாங்கம் வைத்த பெயர். ஊர்க்காரர்களுக்கு அவள் கவுன்சிலர்; குன்றாண்டார்கோவில் பக்கம் ஒருவர் அவளிடம் தெருவிளக்குக்கு மனுக் கொடுத்ததும் உண்டு. நாள் முழுக்கப் பிள்ளைகளின் அழுகையைக் கேட்க வேண்டும், கேட்டதை வீட்டில்கூட வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஊரார் துக்கத்தைச் சுமக்கிறவளுக்கு இறக்கிவைக்க ஒரு சுமைதாங்கிக் கல்கூடக் கிடையாது.

அதனால்தான் மாதம் ஒருமுறை புதுக்கோட்டையில் நடக்கும் பயிற்சிக் கூட்டத்துக்கு அவள் அப்படிப் பறப்பாள். அங்கே வருகிற நாற்பது பேரும் இதே பாடு படுகிறவர்கள். ஒருவர் சொல்ல மற்றவர் தலையாட்டினாலே பாதிப் பாரம் குறைந்துவிடும். ஒவ்வொரு மாதமும் ஒருவர் தன் கேஸ் ஒன்றைத் திரையில் போட்டு விளக்க வேண்டும். மார்ச் மாதம் அன்புமொழியின் முறை.

அவளிடம் பிளெஸ்ஸி இருந்தாள். பத்தாம் வகுப்பு. நுழைவுத் தேர்வெழுதி, பதினொன்றாம் வகுப்புக்கு மாவட்டத்து உறைவிடப் பள்ளியில் இடம் வாங்கியவள். வாங்கிவிட்டுப் போகமாட்டேன் என்று நின்றாள். தலைமையாசிரியர் திட்டினார், அப்பா ஆரோக்கியதாஸ் அடித்தார், திமிர் என்று வாத்தியார்கள் பேசிக்கொண்டார்கள். அன்புமொழி வியாழக்கிழமைதோறும் போய் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது வியாழக்கிழமை பிளெஸ்ஸி வாய் திறந்தாள். தூக்கத்தில் பாய் நனைந்துவிடுகிறது. பதினைந்து வயசில். அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். இருபது பிள்ளைகளுக்கு நடுவில் அவள் எப்படிப் படுப்பாள்?

“செத்தாலும் வேற யாருக்கும் தெரியக் கூடாது மிஸ்.”

“என் உசுரே போனாலும் சொல்லமாட்டேம்மா.”

டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். இதற்கு மருந்து இருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார் அவர். நாலு மாதம் ஆனது. மார்ச் பிறந்தபோது மூன்று வாரமாகப் பாய் நனையவில்லை. “ஜூன்ல போறேன் மிஸ்” என்று பிளெஸ்ஸி தானாகவே சொன்னாள். அன்றைக்கு பஸ்ஸில் உட்கார்ந்து அன்புமொழி சந்தோஷத்தில் அழுதாள்.

அந்தச் சந்தோஷத்தைப் பூட்டி வைக்க முடிந்ததா? பாவி மனசு. கேஸ் சொல்லும் விதிப்படிதான் செய்தாள். பிளெஸ்ஸியை ‘மலர்’ ஆக்கினாள். பள்ளியின் பெயரை எடுத்தாள், ஊரை எடுத்தாள். உறைவிடப் பள்ளியில் இடம் கிடைத்தும் மறுத்த மாணவி என்பதை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் கேஸே இல்லையே. அந்த வட்டாரத்தில் அப்படி மறுத்தவள் ஒருத்திதான் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். படித்துப் பட்டம் வாங்கிய அன்புமொழிக்கு அது தோன்றவில்லை.

கூட்டத்தில் கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. பயிற்சி கொடுக்க வந்த அம்மாள், இதுதான் முன்மாதிரி என்று சொல்லிச் சால்வை போட்டார். பெருமையில் அன்புமொழிக்குக் காது சிவந்தது. பொய் சொல்வானேன், அந்த ஒரு நாள் அவள் ராணிதான்.

விராலிமலைப் பக்கத்துப் பள்ளிகளைப் பார்க்கிற செந்தமிழன் நல்ல மனுஷன். அவர்தான் திரையைப் போட்டோ எடுத்து, தன்னோடு பி.எட். படித்த அடைக்கலமேரி டீச்சருக்கு அனுப்பினார். அந்த டீச்சர் வேலை பார்ப்பது பிளெஸ்ஸியின் பள்ளியில். ‘உங்க ஏரியா புள்ள போல. மேடம் கலக்கிட்டாங்க’ என்று எழுதினார். பெயர் சொல்லவில்லை.

டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில் கண்ணீரோடு எழுந்து நின்றார். “பெரிய பள்ளிக்கூடத்துல எடம் கெடச்ச நம்ம புள்ள ஒண்ணு, படுக்கை நனையிற கஷ்டத்துல இருக்கு. அதுக்காக வேண்டிக்குவோம்.” அவரும் பெயர் சொல்லவில்லை. மூன்றாவது வரிசையில் பிளெஸ்ஸியும் அவள் அம்மாவும் முழங்கால் போட்டிருந்தார்கள். மொத்தக் கூட்டமும் அவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

யாரை நோவது? கெட்டவன் ஒருத்தன் இருந்தால் காறித் துப்பிவிட்டு ஆறலாம். இங்கே எல்லாருமே நல்லவர்கள். அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமைகளில், அன்புமொழி வருகிறாள் என்று தெரிந்தால் பிளெஸ்ஸி வகுப்பைவிட்டு வெளியே வரவில்லை.

மதிப்பெண் சான்றிதழ் கொடுக்கும் நாளில் அன்புமொழி வாசலிலேயே காத்திருந்து அவள் கையைப் பிடித்தாள்.

“நான் பேரு சொல்லலம்மா.”

“தெரியும் மிஸ்.”

“ஒடம்பு எப்படியிருக்கு?”

“நல்லாயிருச்சு மிஸ். ஒரு நாளுகூட இல்ல.”

“அப்பறம் என்னம்மா? ஜூன்ல போயிரலாமே.”

“டீச்சரு வார்டனுக்குப் போன் போட்டுட்டாங்க, பத்தரமாப் பாத்துக்கச் சொல்லி. எனக்குன்னு தனியா ரப்பர் ஷீட்டு வாங்கி வச்சிருக்காங்களாம். நான் அங்கிட்டுப் போகல மிஸ். இங்கயே படிக்கிறேன்.”

பிடித்த கையை விட அன்புமொழிக்கு மனசு வரவில்லை.

“அன்னைக்கி மீட்டிங்ல எத்தன பேரு மிஸ்?”

“நாப்பது பேரு.”

“சிரிச்சாங்களா?”

“ஐயய்யோ, ஒருத்தருகூடச் சிரிக்கலம்மா. எல்லாரும் கை தட்டுனாங்க.”

பிளெஸ்ஸி மெதுவாகத் தன் கையை உருவிக்கொண்டாள்.

“யாருக்கு மிஸ்?”