ஒரே மூலையில் ஒட்டிய ஸ்டிக்கர்கள்

விருத்தாசலம் ஜங்ஷன் போகிற சாலையில், ஒரு மாடிக் கட்டடத்தின் முதல் தளத்தில் அந்தப் படிப்பகம் இருந்தது. பீங்கான் கம்பெனி வைத்திருக்கும் ராஜமாணிக்கம் நடத்துவது. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் காலை பத்து மணியிலிருந்து வந்து உட்கார்ந்து படிக்கலாம். புத்தகத்தை மட்டும் வெளியே கொண்டுபோகக் கூடாது. திரௌபதி அங்கே ஒன்பது வருஷமாக நூலகர்.

போன ஆனி மாதம் வாசலில் இரண்டு தூண் நிறுத்தி அலாரம் கேட் போட்டார்கள். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு சதுர ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதற்குள்ளே மெல்லிய கம்பிச்சுருள் இருக்கும். ஸ்டிக்கர் ஒட்டிய புத்தகம் தூண்களுக்கு நடுவே போனால் கேட் கத்தும். ஆறாயிரம் புத்தகங்களுக்கும் திரௌபதிதான் ஒட்டினாள். பின் அட்டையின் உள்பக்கம், கீழ் மூலை, ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி. ஒன்றுகூடக் கோணக் கூடாது என்று ஒரு அட்டையை அளவாக வெட்டி வைத்துக்கொண்டு ஒட்டினாள். பார்த்தவர்கள் அச்சடித்த மாதிரி இருக்கிறது என்றார்கள்.

மூன்று மாதம் கழித்து எண்ணிப் பார்த்தபோது அறுபத்து நாலு புத்தகங்களைக் காணவில்லை. எல்லாமே ஒல்லிப் புத்தகங்கள். நடப்பு நிகழ்வு மாத இதழ்கள், பழைய வினாத்தாள் தொகுப்புகள். கேட் கம்பெனி ஆள் சென்னையிலிருந்து வந்தார். ஒரு ஸ்டிக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று தடவை நடந்தார். மூன்று தடவையும் கத்தியது. "கேட்ல ஒரு குறையும் இல்லீங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ராஜமாணிக்கம் கோபப்படவில்லை. "கேட் நல்லாத்தான் இருக்குதுன்னா, அப்புறம் வாசல்ல உக்காந்திருக்கறவங்கதான் பாத்துக்கணும்" என்று மட்டும் சொன்னார். வாசலில் உட்கார்ந்திருப்பது திரௌபதி ஒருத்திதான். அந்த ஒரு வார்த்தை அவளை நாலு நாள் அரித்தது.

அந்த வாரம்தான் அப்ரின் வெளியே போகும்போது கேட் கத்தியது. அப்ரின் இயற்பியல் படித்து முடித்துவிட்டு, ஒரு வருஷமாகத் தினமும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிற பெண். அவள் அப்பா அப்துல் மாலிக் குவைத்தில் இருக்கிறார். வேறொரு நாளாயிருந்தால் திரௌபதி பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டிருப்பாள். அன்றைக்குப் பையை வாங்கி மேஜைமேல் கொட்டினாள். நோட்டுகள், டிபன் பாக்ஸ், தொழுகைத் துணி, ஒரு சின்ன துணிப் பொட்டலம். முப்பது பேர் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். புத்தகம் ஒன்றும் இல்லை. பையோடு மறுபடி போகச் சொன்னாள், மறுபடியும் கத்தியது. அப்ரின் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு படி இறங்கிப் போனாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த மூன்று நாளும் வரவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் திரௌபதி அப்ரின் வீட்டைத் தேடிப் போனாள். கதவைத் திறந்தது அவள் அம்மா அமீர் நிஷா.

"எம் பொண்ணு என்னத்த எடுத்துச்சுன்னு சொல்லிட்டு உள்ள வாங்க."

"ஒண்ணும் எடுக்கலீங்க. அத்தன பேருக்கு முன்னால பையக் கொட்டினது என் தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அமீர் நிஷா கதவை விட்டு விலகி, "உக்காருங்க, டீ போடறேன்" என்றார்.

அப்ரின் உள்ளேயிருந்து தன் பையைக் கொண்டுவந்தாள். சிரிக்கவில்லை. உள்ஜேபின் தையலைப் பிரித்துக் காட்டினாள். துணிக்கு அடியில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர்.

"கடலூர்ல வாங்கின புதுப் பைதான்க்கா இது. பில் போடறப்ப கடையில இத வேலை செய்யாம சாகடிச்சு அனுப்பணும். விட்டுட்டாங்க. உங்க கேட் இதுக்குத்தான் கத்தியிருக்குது. காலையில நான் உள்ள வந்தப்ப கரண்ட் இல்ல, அதான் அப்ப கத்தல."

திரௌபதிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அடுத்து வாயில் வந்தது, இத்தனை நாள் யாரிடமும் கேட்க முடியாத கேள்வி.

"எடுக்காத உன்னப் பாத்து கத்துது. எடுத்துட்டுப் போனவங்களப் பாத்து ஏம்மா கத்தல?"

அப்ரின் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "ஒவ்வொண்ணாவா காணாமப் போச்சு?"

"இல்ல. தொடர்ச்சியா நாலு மாசத்து இதழ், அஞ்சு மாசத்து இதழ்னு போயிருக்குது."

"கம்பெனிக்காரரு ஒரே ஒரு ஸ்டிக்கர வச்சுத்தான பாத்தாரு?"

மறுநாள் காலை எட்டு மணிக்கே அப்ரின் படிப்பகத்துக்கு வந்தாள். இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். ஓர் இதழை எடுத்துக்கொண்டு நடந்தால் கத்தியது. இரண்டு சேர்த்தால் ஒரு தடவை கத்தியது, ஒரு தடவை இல்லை. மூன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு நடந்தபோது கேட் வாயே திறக்கவில்லை. நாலுக்கும் அப்படித்தான். அதே மூன்றை விசிறி மாதிரி விரித்துப் பிடித்ததும் கத்தியது.

"ரேடியோவுல ஸ்டேஷன் வைக்கற மாதிரிதான்க்கா" என்றாள் அப்ரின். "ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் ஒரு அலைவரிசை இருக்குது. கேட் அங்க மட்டும்தான் காது வச்சிருக்கும். சுருளுக்கு மேல சுருள் நேரா உக்காந்தா ஒண்ண ஒண்ணு கலைச்சுடும், ஸ்டேஷன் நகந்து போயிடும். தடி புஸ்தகம்னா நடுவுல அவ்வளவு தாள் இருக்குது, பரவால்ல. ஒல்லிப் புஸ்தகத்துக்கு அது இல்ல." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "நீங்க ஒரே மூலையில ஒரு நூல் பிசகாம ஒட்டியிருக்கீங்க. கொஞ்சம் கோணலா ஒட்டியிருந்தா காட்டிக் கொடுத்திருக்கும்."

திரௌபதி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐந்து வாரம் குனிந்து குனிந்து ஒட்டியது அவள் கழுத்துக்கு இன்னும் நினைவிருந்தது. கேட்டில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்ரின்கூட எதுவும் சொல்ல மாட்டாள். ஆனாலும் போனை எடுத்து ராஜமாணிக்கத்தை வரச் சொன்னாள்.

அவர் மூன்று இதழைக் கையில் வாங்கிக்கொண்டு நடந்தார். நின்றார். திரும்ப நடந்தார்.

"ஒட்டினது நான்தாங்க ஐயா. எல்லாத்தையும் ஒரே எடத்துல ஒட்டிட்டேன்."

"சூளையில சாமான் அடுக்கறப்ப ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம நாங்க எடம் விடுவோம்" என்றார் அவர். "இதுலயும் விடணும்னு விக்கறவன் சொல்லியிருக்கணும். சொல்லல." இதழ்களை மேஜைமேல் வைத்தார். "அன்னிக்கு நான் பேசினதும் சரியில்லம்மா."

ஒல்லிப் புத்தகங்கள் தொள்ளாயிரம் இருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை படிக்கிறவர்களில் பன்னிரண்டு பேர் கைகொடுக்க வந்தார்கள். பழைய ஸ்டிக்கரை உரித்துவிட்டு, ஒன்றுக்கு மேல் மூலையில், அடுத்ததற்குக் கீழ் மூலையில், மூன்றாவதற்கு நடுவில், நாலாவதற்கு முன் அட்டையில் என்று மாற்றி மாற்றிப் புதிது ஒட்டினார்கள். வெள்ளித்தாள் மாதிரி பளபளக்கும் அட்டையில் ஒட்டினால் கேட்டுக்குச் சுத்தமாகக் கேட்கவில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவற்றை உள்தாளுக்கு மாற்றினார்கள். தினமும் திறப்பதற்கு முன்னால் திரௌபதி முழங்கால் உயரம், இடுப்பு உயரம், தோள் உயரம் என்று ஒரு புத்தகத்தோடும், மூன்று புத்தகத்தோடும் நடந்து பார்த்து நோட்டில் குறிக்க ஆரம்பித்தாள். இன்னொன்றும் முடிவு செய்தாள். கேட் கத்தினால் யார் பையையும் கூடத்தில் திறப்பதில்லை. பக்கத்து அறைக்குக் கூப்பிட்டு, அவர்களையே ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொல்வது.

பத்தாம் நாள் கத்தியது. கம்மாபுரத்திலிருந்து வருகிற தமிழ்ச்செல்வன். இருபத்தாறு வயது. பக்கத்து அறைக்கு வந்ததும் அவனே சட்டைக்குள்ளிருந்து நாலு இதழ்களை எடுத்து மேஜையில் வைத்தான்.

"முன்னாடி போனதும் நீதானா?"

"கொஞ்சம் நான்தான்க்கா." தலை நிமிரவில்லை. "நெலக்கரிச் சுரங்கத்துக்கு எங்க நெலத்தையும் எடுக்கறாங்க. அளக்க வராங்க, கையெழுத்துக்கு வராங்க, அப்பா தனியா இருந்தா பயப்படறாரு. இங்க உக்காந்து படிக்க ஒரு மணி நேரம்கூட கெடைக்கல. படிச்சுட்டுக் கொண்டாந்து வச்சுடலாம்னுதான் எடுத்தேன். திருப்பிக் கொண்டாரத்தான் பயமா இருந்துச்சு."

"வூட்ல இருக்கறத நாளைக்குக் கொண்டா."

மறுநாள் அவன் வண்டியில் ஒரு சாக்குப்பையைக் கட்டிக்கொண்டு வந்தான். முப்பத்தெட்டு இருந்தன. சில இதழ்களில் பென்சிலால் கோடு போட்டிருந்தான்.

திரௌபதி ராஜமாணிக்கத்திடம் போய், ஒல்லிப் புத்தகங்களை மட்டும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொடுத்து, காலை பத்து மணிக்குள் திரும்ப வாங்கலாம் என்று கேட்டாள். அவர் ஒரு நாள் யோசித்தார்.

"வராமப் போச்சுன்னா?"

"பேரு எழுதி வாங்கிட்டுப் போறவங்க கொண்டாந்துடுவாங்கங்க. எடுத்துட்டுப் போனவங்களே கொண்டாந்தாங்களே."

அவர் சரி என்றார். தமிழ்ச்செல்வன் தினமும் இரண்டு இதழ் வாங்கிப் போனான். அப்ரின் மறுபடி ஜன்னலோர நாற்காலிக்கு வந்தாள். திரௌபதி ஸ்டிக்கர் விஷயமாக எதைச் செய்தாலும் அவளை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டாள்.

மாதக் கடைசியில் எண்ணியபோது புதிதாக ஒன்றும் குறையவில்லை. முன்னே போனதில் இருபத்தாறு மட்டும் இன்னும் வரவேண்டியிருந்தது. திரௌபதி அந்த எண்ணைக் கீழே படிக்கட்டுப் பக்கம் இருந்த பலகையில் எழுதி, 'கொண்டு வந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டோம்' என்று அடியில் சேர்த்தாள். திங்கட்கிழமை காலை அவள் வந்தபோது பூட்டிய கதவின் பிடியில் ஒரு துணிக்கடைப் பை தொங்கியது. உள்ளே மூன்று வினாத்தாள் தொகுப்புகள். அவள் படி இறங்கிப் போய், இருபத்தாறை அழித்து இருபத்து மூன்று என்று எழுதினாள்.