எதிர்வாதத்துக்கு விட்ட இடம்

பிரேக் அறுந்த பஸ்ஸை, அறுபத்து மூன்று பயணிகளோடு, பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளிலும் வெறும் ஹாரனை நம்பியே கீழே இறக்கியவர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்.

"ஹாரன் அடிச்சதும் மலை வழி விட்டுச்சாக்கும்?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"விட்டுச்சும்மா. இன்னிக்கு வரைக்கும் அது கொஞ்சம் ஒதுங்கித்தான் நிக்குது."

படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கான வகுப்பு அது. அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவள் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. அவர் அளப்பதை மற்றவர்கள் சிரித்துக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இவள் மட்டும் போலீஸ்காரி மாதிரி குறுக்குக் கேள்வி போட்டு, மூன்றாவது கேள்வியில் ஆளைக் கவிழ்த்துவிடுவாள். அதற்காகவே அவர் அவள் பக்கத்தில் இடம் பிடித்து உட்காருவார்.

அன்றைக்கு ஒருவர் கட்டுரையை இன்னொருவர் திருத்த வேண்டும். டீச்சர் போட்ட சட்டம் இது: திருத்துகிறவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், படித்து முடிக்கும்வரை எழுதியவர் மூச்சு விடக் கூடாது. பிறகு, தாளின் கடைசியில் விட்டிருக்கும் இடத்தில் திருத்துகிறவர் எதிர்வாதம் எழுத வேண்டும். ஆதாரத்தோடு.

வகுப்பே ஒரு மாதமாகப் படித்த நாவலைப் பற்றிய கட்டுரை. அதில் ஒரு தச்சன். மகனோடு பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு தெரு தள்ளி மகன் சாகக் கிடக்கிறான், தச்சன் போகவில்லை. அந்த நாவலை ஒரே மூச்சில், ஒற்றைக் காலில் நின்றபடி முடித்ததாக டிரைவர் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். உண்மையில் அந்த இடத்துக்கு மேல் அவர் ஒரு பக்கம் கூடப் புரட்டவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆயாவின் கட்டுரையை மைக் பிடித்த தலைவர் தோரணையில் படிக்க ஆரம்பித்தார்.

"இந்த நாவலை எழுதியவர் பொய் சொல்கிறார். பதினான்கு வருடமாக நான் சாவுப் படுக்கைகளின் பக்கத்தில் நிற்கிறேன். வெட்டுப்பகை கொண்ட தம்பி வந்திருக்கிறான். ஓடிப்போன புருஷன் வந்திருக்கிறான். வாசலையே பார்த்துக்கொண்டு கிடப்பவர்களிடம் 'அப்பா வந்துடுவாரு' என்று சொல்வேன். நான் சொல்லி எந்த அப்பனும் வராமல் இருந்ததில்லை. அப்படி ஓர் அப்பன் உலகத்தில் இருக்க முடியாது."

கடைசி வரியில் தலைவர் காணாமல் போய்விட்டார். யாரோ ஒரு கிழவர் அதை முணுமுணுத்து முடித்தார்.

பிறகு பென்சிலை எடுத்தார். பஸ் போர்டு மாதிரி கொட்டை எழுத்தில் எழுதுகிற மனிதர், எறும்பு ஊர்வதுபோல எழுதினார். அவள் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நாளைக்கு நாலு தடவை பஸ்ஸை நிறுத்துவேன். உள்ளே என் மகன் பதினோரு நாள் கிடந்தான். நான் இறங்கவில்லை."

"இதுல எல்லாம் விளையாடாதீங்க டிரைவரய்யா."

"விளையாடலம்மா."

"அப்படி என்ன சண்டை?"

"அவனுக்குப் பொண்ணு பார்க்கப் போன இடத்துல வழக்கம்போல அளந்தேன். 'எங்கப்பா வாயைத் தொறந்தா பொய்தான்'னு அத்தனை பேர் முன்னாடியும் சொல்லிட்டான். எழுந்து வந்துட்டேன். கல்யாணத்துக்கும் போகல. அப்புறம் படுத்துட்டான்னு மருமக ஆள் மேல ஆள் அனுப்பினா. அவனே கூப்பிடட்டும்னு இருந்தேன்."

அவள் விடவில்லை. "எந்த வார்டு?"

மற்ற நாளாயிருந்தால் ஆஸ்பத்திரிக்கு நாற்பது மாடி எழுப்பியிருப்பார்.

"தெரியாது" என்றார். "உள்ள போயிருந்தாத்தானே தெரியும்."

அவள் கையில் பேனா அப்படியே நின்றது.

"தலகாணி, ஃபிளாஸ்க்கோட எல்லாரும் இறங்குற வரைக்கும் கண்ணாடியில பார்த்துக்கிட்டே இருப்பேன். கடைசி ஆள் இறங்கினதும் வண்டியை எடுத்துடுவேன். ஒரு நிமிஷம் லேட்டானதில்ல. பன்னெண்டாம் நாள் அதே மாதிரி தலகாணி, ஃபிளாஸ்க்கோட மருமக தனியா ஏறினா. என் பின்னாடி சீட்டுலதான் உட்கார்ந்தா. கடைசி ஸ்டாப்பு வரைக்கும் ஒரு வார்த்தை பேசல."

பென்சிலை உருட்டிக்கொண்டே கேட்டார். "அவன்கிட்டயும் யாராவது சொல்லியிருப்பாங்களாம்மா? அப்பா வந்துடுவாருன்னு?"

அவள் தன் கட்டுரையின் கடைசி வரிகளைத் திரும்பப் படித்தாள்.

டீச்சர் வந்து குனிந்து படித்தாள். "எதிர்வாதம் சரி. ஆனா ஆதாரம் வேணுமே. எழுதினது யாருன்னு எல்லாருக்கும் தெரியுமே!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பழக்கதோஷத்தில் டிரைவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் வாயைத் திறந்தபடியே இருந்தார்.

ஆயா ஸ்கேலை எடுத்தாள். தன் கட்டுரையின் கடைசி வரிமேல் வைத்து, இடமிருந்து வலமாக நிதானமாகக் கோடு இழுத்தாள். 'அப்பன்' என்ற சொல்லில் மை திட்டாகப் பரவியது.

"நடந்திருக்கு டீச்சர்" என்றாள், நிமிராமல்.