கேள்வி கேட்க ஓர் ஆள்

எங்கள் கணிதத் துறையில் வெளியூரிலிருந்து யாராவது வந்து பேசினால், கடைசியில் "கேள்வி இருக்கா?" என்று கேட்பார்கள். அறுபது பேர் இருக்கும் அரங்கில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும். அந்த மானக்கேட்டுக்குப் பயந்து என் ஆய்வு வழிகாட்டி ஜகந்நாதன் சார் முன்கூட்டியே ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிடுவார். ஆறு வருடமாக அந்த ஆள் நான். கேள்வியை அவரே துண்டுச்சீட்டில் எழுதித் தருவார். அப்போதுதான் தோன்றியதுபோல நான் எழுந்து கேட்பேன்.

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து பெருந்தேவி மேடம் வந்தார். பொன்னாடை, மைக் என்று அலைந்ததில் சார் சீட்டை மறந்துவிட்டார். "நீயே ஏதாச்சும் கேட்டிரும்மா எலினா," என்றார்.

திங்கட்கிழமை நான் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். ராஜபாளையத்தில் ஒரு கல்லூரி வேலை காத்திருக்கிறது, பட்டம் வந்தால் மட்டும். அம்மா இப்போதே சர்ச் முழுக்க என்னை டாக்டராக்கிவிட்டாள். என் ஏழு அத்தியாயங்களும் சார் பத்து வருடம் முன்பு வெளியிட்ட ஒரே தேற்றத்தின் மேல்தான் நிற்கின்றன. ஆறு கோடு உள்ள வளையங்களைச் சங்கிலியாகக் கோத்து, கோடுகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று விடாமல் எண் போட வேண்டும். எத்தனை வளையம் கோத்தாலும் சார் வகுத்த விதிப்படி போட்டுவிடலாம் என்பது தேற்றம்.

மேடம் பேச்சில் அந்தத் தேற்றத்தை மரியாதைக்கு ஒரு வரி சொன்னார். எனக்குக் கொஞ்சம் மினுக்கிக்கொள்ள ஆசை வந்தது. எழுந்து, "மூணு வளையத்துக்கு நீங்க எப்படி மேடம் எண் போடுவீங்க?" என்றேன்.

"போட்டே பாப்போமே," என்று மேடம் பலகையில் மூன்று வளையம் வரைந்தார். பதினேழு கோடு நிரம்பியது. பதினெட்டாவது ஒத்துவரவில்லை. அழித்துவிட்டு வேறு விதமாகப் போட்டார். இப்போது வேறொரு கோடு ஒத்துவரவில்லை. சாக்பீஸ் நின்றது.

நான் சும்மா இருக்கமுடியாமல் நோட்டில் கூட்டினேன். எங்கள் விதியில் எந்த வளையத்தைச் சுற்றிக் கூட்டினாலும் இரட்டைப்படைதான் வரும். மூன்று வளையத்துக்கும் சேர்த்து அப்படித்தான் வர வேண்டும். ஒன்றிலிருந்து பதினெட்டு வரை கூட்டினால் நூற்றெழுபத்தொன்று, ஒற்றைப்படை.

சாரின் கட்டுரையில் இரண்டு, நான்கு, ஆறு வளையங்களுக்குத்தான் அட்டவணை இருக்கும். இடம் போதாமல் மூன்றை விட்டிருப்பார் என்று ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கிடைக்கும், அவசரத்துல வரல," என்று மேடம் சிரித்தார். கைதட்டல், நன்றியுரை, எல்லோரும் டீக்குக் கிளம்பினார்கள். சார் மட்டும் மேடை ஏறி டஸ்டரை எடுத்தார். அவர் பலகை துடைத்து நான் பார்த்ததே இல்லை. மூன்று வளையத்தையும் நிதானமாகத் துடைத்தார்.

"பதில் கிடைச்சிருச்சாம்மா?"

"கிடைச்சிருச்சு சார்."

அவர் திரும்பவில்லை. "உனக்கு முன்னாடி மூணு பேரு இதை வச்சுத்தான் டாக்டர் ஆனாங்க. இன்னைக்கு மூணு பேருக்கும் வேலை இருக்கு, பிள்ளைகுட்டி இருக்கு. ஒருத்தரும் மூணு வளையத்தைப் பத்திக் கேக்கல." டஸ்டரைத் தட்டினார். "திங்கக்கிழமை வா. கையெழுத்துப் போட்டு வச்சிருக்கேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அதைவிட அசிங்கம், ஒரு நிமிடம் நிம்மதியாகவும் இருந்தது. யாருக்கும் தெரியாது, பலகையும் சுத்தம்.

வெளியே மேடம் பால்கோவா டப்பாவும் பையுமாக நின்றார். பக்கத்தில் கார் தயார். சார் எனக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, உன் கேள்வி விடமாட்டேங்குது," என்றார் மேடம். "ரயில்ல எனக்குத் தூக்கம் வராது. எழுதிப் பாக்க ரெண்டு தாள் இருக்குமா?"

சார் என்னையே பார்த்தார். இல்லை என்று சொன்னால் போதும்.

நோட்டிலிருந்து நாலு தாள் கிழித்துக் கொடுத்தேன். அதில் மேல் தாள், நான் கூட்டிப் பார்த்த தாள்.