டிஸ்க்கில் ஒன்றும் இல்லை

கம்பம் உரக்கடையில் பிரிண்டரில் காகிதம் தீர்ந்தாலும் குற்றவாளி ஆதித்தன்தான். வைரஸ் தின்று தீர்த்த கம்ப்யூட்டர்களில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் அவன். அன்றிலிருந்து எலி வயரைக் கடித்தாலும், "ஒம் லினக்ஸ் மக்கர் பண்ணுதுப்பா" என்று கணக்குப் பார்க்கும் ஜெபமணி வந்து நிற்பார். சாப்பிட்ட கையைக் கழுவக்கூட விடமாட்டார். அதற்குப் பிறகு வைரஸே வரவில்லை என்பதைப் பற்றி ஒரு பயலும் வாய் திறக்கவில்லை. ஆதித்தனுக்கு அந்த வேலையே கசந்துபோயிருந்தது.

காமயகவுண்டன்பட்டி வீட்டிலும் லினக்ஸ்தான், இதே கூத்துதான். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஐயா இருந்தார். அதை வாங்கி வந்த அன்று, "இந்தப் பொட்டிக்குச் சோறு போடுவியா, எனக்குப் போடுவியா?" என்று அவனைப் பெற்ற ஐயா பேச்சிமுத்து கிழிகிழியென்று கிழித்ததை, மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்த ஆதித்தன் அப்படியே பதிந்துவிட்டான். நாளை ஐயாவுக்கு முதல் வருஷத் திவசம். சொந்தபந்தம் கூடும்போது அந்தக் குரலைப் போட்டுக் காட்டுவதாகப் பேச்சு.

சாயங்காலம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால், திரையில் விண்டோஸ்.

"எம் பய கேம்சு ஓடலன்னு ஒரே அழுக. கம்ப்யூட்டர் கடைக்காரரு வந்தாக," என்றான் அண்ணன் செல்லப்பாண்டி. "டிஸ்க்குல ஒண்ணுமே இல்ல, வெறுசாக் கெடக்குன்னு சொன்னாக. தொடச்சுட்டுப் புதுசாப் போட்டாக."

வெறுசாகத்தான் தெரியும். லினக்ஸ் எழுதி வைத்தது விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாது. தனக்குத் தெரியாததை இல்லையென்று சொல்லி, ஐயாவின் குரலையும் சேர்த்துத் துடைத்துப்போட்டிருக்கிறான் கடைக்காரன்.

நல்லவேளையாக ஒரு நகல் இருந்தது. "மதினி, அலமாரியில ஐயான்னு எழுதி ஒரு சிடி வச்சிருந்தேனே?"

"அதுவா? டிவிடி பொட்டியில போட்டுப் பாத்தேன், ஓடல," என்றாள் மாயக்காள். "கெட்டுப்போன சிடிதானன்னு கிளி வெரட்டத் தோட்டத்துல கட்டிவிட்டேன்."

லினக்ஸில் பதிந்த குரல் டிவிடி பெட்டியில் ஓடாது. கம்ப்யூட்டரில் ஓடும். அதை யாரிடம் போய்ச் சொல்ல?

திராட்சைப் பந்தலில் வரிசையாகச் சிடிகள் தொங்கின. அவனுடையதில் எழுத்து பாதி அழிந்திருந்தது. வெயிலில் மேல்பூச்சு உரிந்து, கொடிக்கு அடித்த மருந்து நீலமாகப் படிந்திருந்தது. தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது; இனி அது எதிலும் ஓடாது. கையெட்டும் தூரத்தில் ஒரு கிளி சாவகாசமாகக் குலையைத் தின்றுகொண்டிருந்தது.

பின்னாலேயே செல்லப்பாண்டி வந்தான்.

"ஏலே, புதுசாப் போட்டதுல சத்தமே வரமாட்டேங்குது. அத மட்டும் சரி பண்ணிக் குடு. நாளைக்கு ஐயா பேசுனதப் போடணும்ல."

அவன் முகத்தைப் பார்க்கவே ஆதித்தனுக்கு அருவருப்பாக இருந்தது.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே," என்றான். "போட்ட ஆளையே கூப்பிடு."